அம்பலவாணர் குடிச்ச தண்ணி

அல்போன்சம்மாவைச் சனம் "கிணறு தூர்த்தவ" எண்டுதான் சொல்லுறது. முகத்துக்கு நேரை சொல்லாயினம், முதுகுக்குப் பின்னாலை சொல்லுவினம். கேக்கேக்கை எனக்குப் பத்திக்கொண்டு வரும். தூர்த்தவ அவதான், ஓம். ஆனால் ஆரை நம்பித் தூர்த்தவ எண்டு ஒரு வாய் கேக்குதோ பாருங்கோ! ஆகையாலை முழுக்கதையையும் சொல்லத்தான் வேணும்.

அல்லைப்பிட்டிக் கரையிலை பிறந்த பெட்டை. தேப்பன் யாக்கோப்பு கடல் தொழில். கலியாணம் முடிச்ச கையோடை மனிசன் வின்சன்ற் அவவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குத் துறைமுகத்திலை வேலை. இருந்தது ஒரு தோட்டத்திலை. கொழும்பிலை தோட்டம் எண்டால் மரஞ்செடி இல்லை. சுவரோடை சுவர் ஒட்டின குட்டி வீடுகள், அத்தனை வீட்டுக்கும் ஒரேயொரு தண்ணிப் பைப். சிங்களவர், தமிழர், சோனகர் எல்லாருக்கும் அதுதான். அந்தப் பைப்படியிலை அல்போன்சம்மா வைச்சதுதான் சட்டம். ஆரும் இடையிலை புகுந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசீலை வைச்சிட்டு வருவா. பிள்ளைத்தாச்சியும் வருத்தக்காரரும் மட்டும் முன்னுக்கு வரலாம். ஆளைப் பாத்தால் ஒரு முழம். வாயைத் திறந்தால் தெருவே அடங்கும்.

எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை அந்தத் தோட்டம் எரிஞ்சுது. பைப்படியிலை நிண்ட மனிசி அப்பிடியே ஓடினா. அகதிக் கப்பலிலை வின்சன்ற்றோடை காங்கேசன்துறையிலை வந்து இறங்கேக்கை கையிலை இருந்தது தண்ணி பிடிக்கக் கொண்டுபோன வெண்கலச் செம்பு ஒண்டுதான்.

வந்த சனத்திலை கொஞ்சப்பேரை வேலணைப் பக்கம் ஒரு தரவையிலை, மாடு மேயிற வெறும் புல்வெளியிலை, குடியிருத்தினவை. காணி அந்த ஊர்ப் பெரிய காணிக்காரர் அம்பலவாணருடையது. அந்தத் தரவையின்ர கரையிலை முந்தியே சில குடிசையள் இருந்தது. அதிலை ஒண்டு இராசேஸ்வரியின்ரை. புருசன் காய்ச்சலிலை செத்துப்போக, ரெண்டு பெட்டையளோடை பனங்கிழங்கு அவிச்சு வித்துச் சீவிச்ச மனிசி. அவவின்ர சொத்தெண்டு சொன்னால் ஒரு கிணறு. செத்த மனிசன் தன்ர கையாலை வெட்டினது. கொஞ்சம் உப்புச் சவர்தான், எண்டாலும் சோறு வேகும், பிள்ளையள் குளிக்கும்.

புனர்வாழ்வுக் கழகம் ஒண்டு ஒரு எஞ்சினியரை அனுப்பினது. நல்ல பிள்ளை. கதிரை குடுத்தாலும் இராமல் நிலத்திலை குந்தியிருந்து தடியாலை மண்ணிலை கீறிக் காட்டும். "அக்கா, இது அகதிக் கொட்டில் இல்லை, ஒரு குட்டிப் பட்டினம். வருங்காலத்திலை இந்தத் தீவுகளிலை பட்டினங்கள் எப்பிடி எழும்பவேணும் எண்டதை இதிலை செய்து காட்டவேணும்" எண்டு சொல்லுமாம். கடல் காத்து வாற பக்கம் பாத்து ஒழுங்கையள். ஒழுங்கை முழுக்கப் பூவரசும் வேம்பும். மழைத்தண்ணி முழுக்க வழிஞ்சுபோய் ஒரு கேணியிலை சேரும். கோயிலுக்குப் போறவனும் சேச்சுக்குப் போறவனும் கலந்து இருக்க, திருவுளச்சீட்டுப் போட்டு வீடு. அல்போன்சம்மாவுக்கு அந்தப் பிள்ளையின்ர கதை சீனிப்பாகு. கொழும்புப் பைப்படியை நினைச்சா. அங்கை வரிசை இருந்தது, நிழல் இருக்கேல்லை. இஞ்சை ரெண்டும் வரப்போகுது எண்டு சந்தோசப்பட்டா.

ஆனால் ஒரு சிக்கல். வீட்டுக்கு வீடு கக்கூசுக் குழி வெட்டவேணும். குழிக்குப் பக்கத்திலை கிணறு இருந்தால் ஊத்தை ஊறிக் கிணத்துக்கைதான் வரும், பிள்ளையளுக்கு வயித்தோட்டம். அதோடை, தீவிலை நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலை பாலாடை மாதிரி மெல்லிசாய்க் கிடக்கு. மெள்ள மெள்ள அள்ளினால் பேரப்பிள்ளை காலம்வரைக்கும் காணும். ஆழத் தோண்டி உறிஞ்சினால் உப்பு மேலை ஏறிப்போடும். அதனாலை வளவுக் கிணறுகளை எல்லாம் தூர்த்துப்போட்டு, மேட்டிலை இருக்கிற ஒரு நல்ல கிணத்தை எல்லாருக்கும் பொதுவாக்குவம், மிசின் இல்லாமல் துலா மிதிச்சுக் கையாலை மட்டும் அள்ளுவம் எண்டு எஞ்சினியர் சொன்னார்.

மேட்டிலை இருந்த நல்ல கிணறு அம்பலவாணரின்ரை.

சனம் சிரிச்சுது. சிரிக்காமல் என்ன செய்யும்? அவற்றை தேப்பன் காலத்திலை அந்தக் கிணத்தடிக்குக் கரைச் சனம் கிட்டவும் போகேலாது. எட்டத்திலை குந்தியிருந்து கையை ஏந்தவேணும், வேலைக்காரன் மேலையிருந்து ஊத்துவான். ஊத்தி முடிய அந்தச் செம்பை மண் போட்டுத் தேய்ப்பான். அதையும் பாத்துக்கொண்டுதான் எழும்பி வரவேணும். அல்போன்சம்மா சின்னப்பிள்ளையிலை தேப்பனோடை மீன் கொண்டுபோகேக்கை அந்தத் தேய்ப்பைக் கண்டவ. கறுமம், அந்த "சரக் சரக்" எண்ட சத்தம் அவவின்ர காதிலை இருந்து போகவே இல்லை.

அந்த அம்பலவாணர்தான் இதைக் கதைக்க அந்தக் கிணத்தடியிலை கூட்டம் வைச்ச அண்டு, நல்ல உச்சி வெயிலுக்கை, அந்தத் தரவையின்ர மற்ற முனையிலை இருந்து நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளிலை சால்வை. எஞ்சினியர் கேட்டதாலை அல்போன்சம்மா அப்பதான் அந்தக் கிணத்திலை அள்ளி நிமிந்தவ. "பிள்ளை, உன்ர செம்பிலை தா" எண்டார். வாங்கினார். அண்ணாந்து ஊத்திக் குடிக்கேல்லை, பாருங்கோ! வாய் வைச்சுக் குடிச்சார். ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சுப்போட்டு, "இனி இது என்ர கிணறு இல்லை, உங்கட கிணறு" எண்டார்.

ஐயோ, அண்டைக்கு அந்தச் சனம் பட்ட சந்தோசம்! கிழவியள் அழுதவை. எஞ்சினியர் மட்டும், "நல்லது ஐயா, அப்ப உறுதிப் பத்திரம் ஒண்டு எழுதுவம், கிணத்தைச் சுத்திவர ஒருத்தரும் தண்ணி இறைக்கிற மிசின் வைக்கேலாது எண்டும் போடுவம்" எண்டார். சனம் அவரைப் பிடிச்சுத் தின்னாத குறை. வாய் வைச்சுக் குடிச்ச மனிசனிட்டை உறுதி கேக்கிறதோ? எங்கட ஊரிலை இதைவிடப் பெரிய உறுதி என்ன இருக்கு? அல்போன்சம்மாவே எஞ்சினியரைத் தனிய இழுத்துக்கொண்டுபோய், "தம்பி, அவரை அவமானப்படுத்தாதேங்கோ. உங்களுக்கு இந்த ஊர் விளங்காது" எண்டு சொன்னவ. அந்தப் பிள்ளையும் உறுதிக் கதையை விட்டிட்டுது.

அதுக்குப் பிறகு வீடு வீடாய்ப் போனவ அல்போன்சம்மாதான். கிணறு வைச்சிருந்த எல்லாரும் தூர்த்தவை. இராசேஸ்வரி மட்டும் மாட்டன் எண்டு நிண்டா. "அவர் வெட்டின கிணறு. நான் எப்பிடி அல்போன்சு மண் போடுறது?"

"அக்கா, என்னை நம்பு. அந்தக் கிணத்திலை உனக்குத் தண்ணி இல்லையெண்டால் எனக்கும் இல்லை."

முதல் கல்லைப் போட்டது இராசேஸ்வரிதான். போட்டுட்டுக் குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினவ, கிணறு முட்ட நிரம்பி முடியும்வரைக்கும் வெளியிலை வரேல்லை.

சொல்லவேணும்: அந்தப் பட்டினம் கொஞ்சக்காலம் நல்லாய்த்தான் இருந்தது. பூவரசு தழைச்சுது. கேணி நிரம்பிச்சுது. துலாவடியிலை அல்போன்சம்மாவின்ர வரிசை, முன்னுக்கு ஒரு பிள்ளைத்தாச்சி, பின்னுக்குப் பகிடியும் சிரிப்பும். பக்கத்து ஊர்ச் சனம் வந்து விடுப்புப் பாத்துப்போட்டு, "உங்கட டவுண் வடிவாயிருக்கு" எண்டு சொல்லிப்போட்டுப் போகும். கழகம் போட்ட றோட்டாலை அம்பலவாணரின்ர தரவைக்கும் வான், லொறி வரத் தொடங்கிச்சுது. அதை அந்த நேரம் ஒருத்தரும் யோசிக்கேல்லை.

ஒருநாள் காலமை அல்போன்சம்மா தேத்தண்ணி ஊத்தி வின்சன்ற்றிட்டைக் குடுத்தா. மனிசன் ஒரு மிடறு குடிச்சிட்டு, "என்னப்பா, சீனிக்குப் பதிலாய் உப்பைப் போட்டிட்டீரோ?" எண்டார். அவவும் குடிச்சுப் பாத்தா. சீனி போட்டதுதான். ஓடிப்போய்க் கிணத்திலை அள்ளி வெறுந்தண்ணியை வாயிலை விட்டா. கரிச்சுது.

துலாவடியிலை நிண்டுகொண்டு காதைக் குடுத்துக் கேட்டா. வேலிக்கு அங்காலை, அம்பலவாணரின்ர புதுப் போயிலைத் தோட்டத்துக்குள்ளை, மிசின் ஒண்டு இரைஞ்சுகொண்டிருந்தது. எட்டிப் பாத்தால், பொதுக்கிணத்தை விட ஆழமாய் ஒரு புதுக்கிணறு. அதிலையிருந்து ஒரு குழாய் தோட்டத்துக்குப் போகுது, மற்றது லொறியிலை இருக்கிற பீப்பாக்குப் போகுது. கரையிலை மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடத்துக்கு அந்தத் தண்ணி விலைக்குப் போகுதாம். கனநாளாய்ப் போகுதாம்!

அல்போன்சம்மா செம்பை நிரப்பிக்கொண்டு நேரை அவற்றை வீட்டு விறாந்தைக்குப் போனா. அம்பலவாணர் சாய்மனைக் கதிரையிலை இருந்து பேப்பர் படிச்சுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதைக் குடிச்சுப் பாருங்கோ."

அவர் கையை நீட்டேல்லை. "இப்பதான் தேத்தண்ணி குடிச்சனான் பிள்ளை. அங்காலை வைச்சிட்டுப் போ."

"கிணறு உப்பாய்ப் போச்சு ஐயா. உங்கட மிசினாலை."

"கடல் பக்கத்திலை இருந்தால் உப்பு வரும்தானே. நான் என்ர வளவுக்கை வெட்டினனான். உங்கட கிணத்திலை நான் கை வைச்சனானோ? இப்பவும் அள்ளுங்கோவன், ஆர் மறிச்சது?"

"நீங்கள் என்ர செம்பிலை வாய் வைச்சுக் குடிச்சனீங்கள்." அவ செம்பை அவற்றை கதிரைக்குப் பக்கத்திலை வைச்சா. "அதை நம்பித்தானே சனம் கிணத்தைத் தூர்த்தது."

அம்பலவாணர் பேப்பரை மடிச்சார். "அது அண்டைக்கு" எண்டார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, வெக்கமும் இல்லை. வேலைக்காரனைப் பாத்துத் தலையை ஆட்ட, அவன் அந்தச் செம்பைச் சால்வைத் துணியாலை பிடிச்சுக்கொண்டுபோய்ப் படிக்குக் கீழை வைச்சான்.

நம்பவைச்சுக் கழுத்தறுத்தது எண்டு சொல்லுறது இதைத்தான். வெறும் கள்ளன் எண்டால் இப்பிடி நோகாது.

பிறகு என்ன? இராசேஸ்வரி தன்ர பழைய கிணத்தைத் திரும்பத் தோண்டினா. பெட்டையள் ரெண்டும் கல் சுமந்துதுகள். ஒரு ஆள் ஆழம் போகவே நாத்தம் எழும்பிச்சுது. சுத்திவரக் கக்கூசுக் குழி. அது ஊறாமல் இருக்குமோ? தோண்டின கிடங்குக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு அல்போன்சம்மாவைப் பாத்தா. ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அண்டையிலையிருந்து அவவோடை கதையை நிப்பாட்டினா. மற்றச் சனமும் ஒவ்வொருத்தராய் நிப்பாட்டிச்சுது. வேறை ஊர்க் கிணத்துக்கு வெயிலுக்கை குடத்தோடை நடக்கிற பொம்பிளையள், அவவின்ர வாசல் படலையைத் தாண்டேக்கை காறித் துப்பிப்போட்டுத்தான் நடப்பினம். ஒருத்தராவது அம்பலவாணரின்ர படலையிலை துப்பினவையோ எண்டு கேளுங்கோ! அவர் பெரிய மனிசன். இவ எங்கட ஆள். எங்கட ஆளிட்டைத்தானே ஆத்திரத்தைக் காட்டலாம்.

தொண்ணூறு ஆவணியிலை ஆமி தீவுகளுக்கை இறங்கிச்சுது. செல்லடி. உப்புக்கிணறும் போயிலைத் தோட்டமும் மிசினும் எல்லாம் அப்பிடியே கிடக்க, சனம் யாழ்ப்பாணத்துக்கு ஓடிச்சுது. டவுணிலை ஒரு பள்ளிக்கூடம் அகதி முகாம். அந்தப் பட்டினத்துச் சனம் முழுக்க அதுக்குள்ளைதான். முகாம் முழுதுக்கும் ஒரு பைப். முதல் நாளே அங்கை அடிபிடி. ரெண்டாம் நாள் அல்போன்சம்மா போய்ப் பைப்படியிலை நிண்டா. ஒருத்தரும் கூப்பிடேல்லை, ஒருத்தரும் அவவோடை கதைக்கவும் இல்லை. ஆனால் வரிசை நேராய்ப் போச்சு.

நல்ல வெயில். அம்பலவாணர் வந்தார். வேட்டி சேறு, காலிலை செருப்பில்லை. பெடியள் வெளிநாட்டிலை, மனிசி போன வருசம் செத்துப்போனா, தனி ஆள். பழக்கதோசம், நேரை முன்னுக்கு வந்து, "பிள்ளை, நா வறண்டு போச்சு. உன்ர செம்பிலை கொஞ்சம் தா" எண்டார்.

வரிசையிலை அடுத்ததாய் நிண்டது இராசேஸ்வரி. குடத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அல்போன்சம்மாவின்ர முகத்தையே பாத்தா.

"வரிசையிலை வாங்கோ ஐயா" எண்டா அல்போன்சம்மா.

அவர் சுத்திவரப் பாத்தார். ஒருத்தரும் விலகேல்லை. கடைசீலை போய் நிண்டார். தண்ணி எடுத்த சனமும் போகாமல் நிண்டு பாத்துது. இராசேஸ்வரியும் நிறைகுடத்தோடை ஒரு கரையிலை நிண்டா. அவற்றை முறை வந்தது. அல்போன்சம்மா செம்பை நிரப்பிக் குடுத்தா. அம்பலவாணர் வாய் வைச்சார். தொண்டைமணி ஏறி இறங்க, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்செல்லாம் தண்ணி வழிய, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சார். அப்பதான் அவவுக்கு உறைச்சுது. அண்டைக்கும் உச்சி வெயில். அண்டைக்கும் தரவையின்ர மற்ற முனையிலை இருந்து நடந்து வந்த மனிசன். அண்டைக்கும் அந்தத் தொண்டை இப்பிடித்தான் ஏறி இறங்கினது.

அவர் செம்பை நீட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேக்கச் சொன்னார்: "பாத்தியளோ, நான் எப்பவும் இந்தப் பிள்ளையின்ர கையாலை குடிக்கிறவன்!"

இராசேஸ்வரியாலை பொறுக்க ஏலாமல் போச்சு. கதை நிப்பாட்டினதுக்குப் பிறகு முதல்முதலாய் வாயைத் திறந்தா. "ஏனடி குடுத்தனி? எல்லாம் மறந்துபோச்சோ உனக்கு?"

"ஒண்டும் மறக்கேல்லை அக்கா. தாகம் எண்டு வந்தவருக்குக் குடுத்தனான். அண்டைக்கும் அவர் தாகத்துக்குத்தான் குடிச்சவர். நாங்கள்தான் அதைச் சத்தியம் எண்டு நினைச்சுக் கிணத்தைத் தூர்த்தம்."

சொல்லிப்போட்டு அல்போன்சம்மா பைப்படியிலை குந்தினா. ஒரு கை மண்ணை அள்ளிச் செம்பிலை போட்டு, அவர் வாய் வைச்ச இடத்தைத் தேய்க்கத் தொடங்கினா. சரக் சரக் எண்டு கேட்டுது. அம்பலவாணர் அதைப் பாத்துக்கொண்டு நிண்டார்.