சும்மா கயிறு என்று நான் சொன்ன காப்பு

இரண்டு நாள் தேவகி கண்ணைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நம் வெள்ளிக்கிழமை பஜனையில் நீங்களெல்லாம் அம்மன் காப்பாற்றிய கதையைச் சொல்லும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "சரோஜாக்கா, உங்களுக்கு ஒண்ணுமே நடக்கலையா?" என்று போன வாரம் கேட்டுவிட்டீர்கள். நடந்தது, சகோதரிகளே. ஆனால் உங்கள் கதைகளில் கஷ்டப்பட்டவர் நீங்கள். என் கதையில் கஷ்டப்பட்டவள் வேறொருத்தி. கஷ்டம் கொடுத்தவர்களில் நான் ஒருத்தி. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டாம் ஆண்டு, பெண்கள் விடுதியில் இடம். புதிதாக வரும் பெண்களை மூத்தவர்கள் ராகிங் செய்வது அங்கே வழக்கம். தீப்பெட்டிக் குச்சியால் வராந்தாவை அளக்கச் சொல்வோம். செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு பாடச் சொல்வோம். முந்தின வருஷம் என் எண்ணெய் வைத்த தலையையும் பொட்டையும் வைத்து என்னைப் படாத பாடு படுத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பரிசாக இந்த வருஷம் ராகிங் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என் தலைக்கனத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்!

தேவகி தீவின் வடகோடியில் இருக்கும் செம்பவாங்கிலிருந்து வந்தவள். அப்பா கப்பல் பட்டறையில் கூலி வேலை. புதிதாக வந்தவர்களில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். அது ஐப்பசி மாதம், தீமிதி நெருங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் தீமிதியன்று கோயிலைச் சுற்றி விழுந்து விழுந்து கும்பிடுதண்டம் போடுவதாக வேண்டிக்கொண்டு, கையில் மஞ்சள் காப்புக் கட்டி விரதம் இருந்தாள். வேண்டுதல் என்னவென்று பின்னால்தான் தெரிந்தது, ஆனால் விரதம் என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தமிழ் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் டென்னிஸ் திடலில் அவர்களை வரிசையாக நிறுத்தினோம். பச்சை முட்டையும் பெலாச்சான் என்ற நாற்றமடிக்கும் இறால் விழுதும் கலக்கிய ஒரு கோப்பையை ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும். தேவகியின் முறை வந்தது. அவள் கையை உயர்த்திக் காப்பைக் காட்டி, தான் விரதம் என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

எங்கள் குழுத் தலைவி மேபல் சீனப் பெண். கெட்டவள் இல்லை. என் பக்கம் திரும்பி, "நிஜமாவா சரோஜா? சாமி விஷயம்னா விட்டுடலாம் லா" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடியும் என்னைக் கோயில்காரி என்று கேலி செய்வார்களோ என்று எனக்குப் பயம். "சும்மா கயிறு லா. தப்பிக்கப் பார்க்கிறா" என்று சொல்லிவிட்டேன்.

தேவகி என்னைப் பார்த்தாள். கோப்பையைத் தள்ளிவிட்டாள். குடிக்கமாட்டேன் என்றதற்குத் தண்டனை, திடலைப் பத்துச் சுற்று ஓடுவது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் அந்த வெயிலில் ஓடினாள். நான்காவது சுற்றில் கால் மடங்கிச் சரிந்தாள். திடலோரத்து லோங்காங்கின், அந்த மழைநீர்ச் சாக்கடையின், சிமெண்டு விளிம்பில் தலை மோதியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆம்புலன்ஸ் போனதும் குழுவில் இருந்த ஐந்து பேரும் என் அறையில் கூடினோம். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்வதாக முடிவாயிற்று. முதலில் தலையை ஆட்டியது நான்தான். விடுதி வார்டனும் அதை நம்பிவிட்டார்.

மறுநாள் காலை சிராங்கூன் சாலையில் அம்மன் சந்நிதியில் போய் நின்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தாயே, அவளைப் பிழைக்க வை. ஆனால் நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டாம்." இதுதான் என் வேண்டுதல். வெட்கம்கெட்ட வேண்டுதல். தீபாராதனை காட்டும்போது என்னால் நிமிர்ந்து அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குங்குமம்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிறன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேவகி அசையாமல் கிடந்தாள். பக்கத்தில் அவள் அம்மா.

"நீ ஹாஸ்டல்லேருந்து வர்றியாம்மா? அங்க ஒரு தமிழ் அக்கா இருக்காங்க, பயமில்லம்மான்னு முதல் நாளே இவ வந்து சொன்னா. அது நீதானா?"

அந்த அம்மா மகளின் கையைத் தூக்கிக் காட்டினார். காப்பு அப்படியே இருந்தது. "நர்சு வெட்டப் பார்த்தாங்க. நான் விடல. நேர்த்தி முடியறவரைக்கும் அவுக்கக் கூடாதில்ல? உனக்குத் தெரியாததா!"

உனக்குத் தெரியாததா. ஐயோ, அதற்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

வராந்தாவுக்கு ஓடி, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். இந்தமுறை ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அம்மா, எனக்கு வாயைக் கொடு." கண்ணைத் திறந்தபோது டாக்டர் வந்துகொண்டிருந்தார். இது தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், வெயில், ஓட்டம், லோங்காங், எங்கள் பொய். அவர் முகம் சிவந்துவிட்டது. "இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று ஆங்கிலத்தில் சீறிவிட்டு, நர்சைக் கூப்பிட்டு மருந்துச் சீட்டில் என்னென்னவோ மாற்றி எழுதினார். என்ன மாற்றினார் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "உன்கிட்டதான் கேட்டாங்களா? நீதான் இல்லேன்னியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் காலைத் தடவ ஆரம்பித்தார். அங்கே நிற்க முடியாமல் நேரே வார்டன் வீட்டுக்குப் போனேன். ஐந்து பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன். என் பெயரை முதலில் எழுதினேன்.

அன்று சாயங்காலம் தேவகி கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாளாம்.

ராகிங் குழுவைக் கலைத்தார்கள். ஐந்து பேரையும் விடுதியை விட்டு அனுப்பினார்கள். பஃபலோ சாலையில் மாமா வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்தேன். காட்டிக்கொடுத்தவள் என்று பல பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பேசாவிட்டால் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

தேவகி தேறியதும் பார்க்கப் போனேன். "அக்கா, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். அம்மன் என் முதல் வேண்டுதலில் பாதியைத்தான் கேட்டாள், பார்த்தீர்களா? நல்லவேளை. "மன்னிச்சுடு தேவகி" என்றேன். "இந்த வருஷம் என்னால கும்பிடுதண்டம் போட முடியல. அடுத்த வருஷம் கூட வாங்க" என்றாள்.

போனேன். என் கையிலும் காப்புக் கட்டிக்கொண்டேன். வகுப்பில் மேபல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷம் கழித்து அன்றுதான் பேசினாள். "அது என்ன சரோஜா?" என்றாள். இந்தமுறை முழுவதும் சொன்னேன்.

இன்று நானும் ஒரு பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளர். ராகிங் என்ற பேச்சை எடுத்தாலே நான் காளியாகிவிடுவேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன். காப்போ சிலுவையோ தாயத்தோ, அது என்னவென்று கேட்கிறேன். யாராவது உன்னைத் தொந்தரவு செய்தால் என் கதவைத் தட்டு என்கிறேன். கண்ணால் பார்த்தவளும் தட்ட வேண்டும் என்று மூத்த பிள்ளைகளிடம் சொல்கிறேன். தட்டியவர்களை ஒரு நாளும் நான் சந்தேகித்ததில்லை.

சகோதரிகளே, அம்மனிடம் கேளுங்கள், கொடுப்பாள். என்னைப் போன்றவளுக்கே கொடுத்தாள். வெட்கப்படும்படி நடந்திருந்தாலும் போய் நில்லுங்கள், துரத்தமாட்டாள். ஆனால் ஒரு நாள் யாரோ ஒருத்தி பயந்துபோய் நிற்கும்போது, "இவ சொல்றது நிஜமா?" என்று உங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்கள். அவள் பிரார்த்தனைக்கு அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தயவுசெய்து ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.