வாளிக்குள் போன எலும்பு

பூனைகளுக்கு எலும்பு ஒட்டவைக்கும் அந்த டாக்டரம்மாவுக்குப் பூனை என்றாலே குமட்டும். முடி உதிரும், மூத்திரம் நாறும், போதாக்குறைக்குத் தன் பின்புறத்தை நக்கிய நாக்காலேயே மனுஷர் கையையும் நக்கும். பிறந்த வீட்டில் அவளுக்குப் பேரே ‘சீச்சீ’. தங்கை வாய் வைத்த டம்ளரைக் கழுவோ கழுவென்று கழுவாமல் தண்ணீர் குடிக்கமாட்டாள். இவள் போய்க் கால்நடை வைத்தியம் படித்தது அதிசயம் என்றால், எதற்கும் முகம் சுளிக்காத கால்நடை டாக்டரையே கட்டிக்கொண்டது அதைவிட அதிசயம். இருவரும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். அவள் கத்தி பிடிப்பாள், கணவர் எதிரே நின்று கைகொடுப்பார்.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் தன் பூனையைத் தூக்கி வந்தார். மாடியிலிருந்து விழுந்து பின்னங்கால் ஒடிந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் பிளேட்டு வைத்தும் எலும்பு கூடாமல் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. இந்த முறையும் கூடாவிட்டால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை.

“எடுத்துடாதீங்கம்மா. வீட்ல பேச்சுத்துணைக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

பள்ளத்தை நிரப்பப் பூனையிடமிருந்தே எலும்பு எடுத்தாள். தோளருகே துளை போட்டு, உள்ளே பஞ்சு மாதிரி இருப்பதைச் சுரண்டினால் ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. சிவப்பாக, பிசுபிசுவென்று, நசுக்கிய மூட்டைப்பூச்சி போல இருந்தது. காயாமல் இருக்க ரத்தத்தில் நனைத்த துணியில் பொதிந்து தட்டில் வைத்தாள். காலில் புது பிளேட்டை முடுக்கிவிட்டுக் கையை நீட்டினால் தட்டு காலி. ரத்தத்துணி எல்லாம் ஒன்றுதானே என்று கணவர் வாரி வாளியில் போட்டிருந்தார்.

அவர் குனிந்து வாளியைத் துழாவினார். மழித்த முடி, சீழ் துடைத்த பஞ்சு, காலையில் வேறொரு பூனை எடுத்த வாந்தி, அதற்கு நடுவே அந்தப் பொதி.

“இந்தா, இருக்கு பாரு. சலைன்ல கழுவிட்டா போச்சு. யாருக்குத் தெரியப்போகுது?”

நர்ஸ் கூரையைப் பார்த்தாள்.

“சீ! கீழ போடுங்க அதை. கையுறையை மாத்திட்டு வாங்க, இன்னொரு தோளைத் திறக்கணும்.”

“அவ்வளவு நேரம் மயக்கம் தாங்குமா? பூனையோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“உங்க காலா இருந்தா வைக்கச் சொல்வீங்களா?”

அவர் கையுறையைக் கழற்றினார். நர்ஸ் மறுதோளை மழித்தாள். பூனை தாங்கியது.

“ரெண்டு தோள்லயும் ஏங்க தையல்?” என்று டிரைவர் கேட்டார்.

“உங்க பூனைக்காகக் கூடுதலாவே எடுத்து வெச்சிருக்கோம்” என்றார் கணவர் சிரித்துக்கொண்டே. டிரைவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். எத்தனையோ சீழைப் பார்த்தவளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

“முதல்ல எடுத்த எலும்பு எங்க கவனக்குறைவால குப்பையில போயிடுச்சு. அதான் ரெண்டாவது தையல். மன்னிச்சுக்குங்க” என்றாள்.

கும்பிட்ட கை இறங்கியது. அன்று ராத்திரி, “கட்டின புருஷனையே விட்டுக்கொடுத்துட்டியே” என்று சொல்லியபடி அவர் பரிமாற வந்தபோது, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் கையால் போட்டதை அவளால் தின்ன முடியாது.

சில வாரங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் பள்ளம் நிரம்பியிருந்தது. பூனை நாலு காலையும் ஊன்றி மேஜையில் நடந்து வந்து, அவள் கையை நக்கியது. அவள் கையை இழுக்கவில்லை.

“என்ன அதிசயம்! சீச்சீக்கு அருவருப்பு விட்டுப்போச்சா?” என்று சிரித்தார் கணவர்.

“இது கழுவினா போயிடும்” என்றாள்.