நார்மன் ஹேஸ்லம் ஏறிய அரியணை

நார்மன் ஹேஸ்லம் தன்னைப் பற்றித் தானே பெருமையாக ஒரு சொல் சொல்லி போல்டன் நகரில் எவரும் கேட்டதில்லை. ஆயினும் 1966ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இசை ரசிகர்கள் வாரந்தோறும் வாங்கிப் படித்த ஓர் இதழின் முழுப் பக்கத்தில், முடிசூடி அரியணையில் அமர்ந்தபடி அவன் நாட்டுக்கு அறிவித்திருந்தான்: "கிறிஸ்துமஸுக்குள் மற்ற பாடகர்களை நீங்கள் மறந்துவிடுவீர்கள். இங்கிலாந்தின் தலைசிறந்த குரல் வந்துவிட்டது." படத்தின் கீழே இருந்த பெயர் ரெக்ஸ் சாவரின். அரசன் என்று பொருள்படும் சொல்லை ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டிய பெயர் அது.

அதற்கு முன்பு அவன் பேருந்து நடத்துநராக இருந்தான். தமக்கை டோரீன் நூற்பாலையில் வேலை செய்தாள். பெற்றோர் மறைந்தபின் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஞாயிறு மாலைகளில் காடர் தெருவிலிருந்த தொழிலாளர் கிளப்பில் நார்மன் பாடுவான். பியரும் இறைச்சி அடைத்த பலகாரங்களும் மேசைகளில் இருக்க, குடும்பம் குடும்பமாக மக்கள் கேட்பார்கள். அவர்களுடைய உச்சபட்சப் பாராட்டு "மோசமில்லை" என்பதுதான். அந்தச் சொல்லை அவன் நான்கைந்து ஆண்டுகளாகத் தவறாமல் பெற்றுவந்தான். அங்கேதான் லண்டனிலிருந்து வந்த லயனல் ஃப்ரேன் என்ற மேலாளர் அவனைக் கண்டெடுத்து அழைத்துச் சென்றார்.

அரியணை வாடகைக்கு எடுக்கப்பட்டது. படம் பிடித்தபோது நார்மன் அதை வேடிக்கை என்றே எண்ணியிருந்தான். பத்திரிகையாளர் ஒருவர், "நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடுவீர்கள்?" என்று கேட்டதற்கு, "ஏதோ சுமாராப் பாடுவேங்க" என்று பதில் சொன்னான். அச்சில் வந்தபோது அது "எனக்கு நிகர் நானே" என்று மாறியிருந்தது.

"நான் சொல்லாதத நான் சொன்னதாப் போட்டிருக்காங்களே, மிஸ்டர் ஃப்ரேன்?"

"நீ எங்கப்பா சொன்ன? ரெக்ஸ் இல்ல சொன்னான்!" என்று ஃப்ரேன் அவன் தோளில் தட்டினார். "நீ பாட்டை மட்டும் கவனி, கண்ணா."

முதல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலின் அடிப்பகுதியில் ஒரு வாரம் தலைகாட்டியது. பிறகு வானொலியில் இசைத்தட்டுகளை அறிமுகம் செய்பவர்கள் அதைத் தொடவே மறுத்தார்கள். "ராஜாவுக்கு நம்ம உதவி எதுக்கு? அவரே கோட்டை மேல ஏறி நின்னு பாடிக்கட்டும்" என்று ஒருவர் ஒலிபரப்பிலேயே சொல்ல, நாடு சிரித்தது. இரண்டாவது தட்டை எந்தக் கடையும் கேட்கவில்லை. ஃப்ரேனின் அலுவலகத்தில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

நார்மனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. குரல் அதே குரல். பாட்டும் போல்டனில் பாடிய அதே வகைப் பாட்டு. மக்கள் வெறுப்பது யாரை? தன்னையா? அப்படியானால், தன்னை இதுவரை சந்தித்தே இராதவர்கள் எப்படி வெறுக்க முடியும்? அந்த ரெக்ஸையா? அப்படியானால், பசியோடு ரயிலேறி வீடு திரும்புபவன் ஏன் ரெக்ஸாக இல்லாமல் நார்மனாக இருக்கிறான்?

பிப்ரவரியில் பேருந்து வேலை திரும்பக் கிடைத்தது. பாட்டு கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை. கிளப்பின் நிகழ்ச்சிச் செயலாளர் ஆல்பர்ட் கிரிம்ஷா, வரும் ஞாயிறு பாடலாம் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வட்டாரத்துக் கிளப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பாடுபவர் பிடிக்காமல் போனால், இடைவேளையில் செயலாளர் அவருடைய மேல்கோட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். இரண்டாம் பாதி கிடையாது. செயலாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதால், சொந்தக் கிளப்பிலேயே கோட்டு வாங்கியவனை லங்காஷயரில் வேறெந்தக் கிளப்பும் அழைக்காது. நார்மனின் பாட்டு வாழ்வு அந்த ஒரு மாலைப் பொழுதை நம்பியே இருந்தது.

"மேடையேறினதும் மொதல்ல மன்னிப்புக் கேட்டுடு" என்றாள் டோரீன். சளிக் காய்ச்சலால் அவள் அந்த ஞாயிறு வீட்டிலேயே இருந்தாள். "நம்ம ஆளுங்களுக்குத் தலைக்கனம் ஆகாது. நீ பழைய நார்மன்தான்னு காட்டிடு, எல்லாம் சரியாயிடும்."

அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மாலையில் ஆல்பர்ட் மணியை அடித்து, "அமைதி, அமைதி! அங்க யாரு டோமினோவ உருட்டுறது? நம்ம பையன் வந்திருக்கான்" என்று அறிவித்தார். ஆரவாரம் எழுந்தது. நார்மன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தான் மனப்பாடம் செய்துவந்ததைச் சொன்னான்.

"அந்தப் பத்திரிகையில வந்தது எதுவும் உண்மையில்லைங்க. நான் ஒண்ணும் பெரிய பாடகன் இல்ல. சாதாரணமாத்தான் பாடுறேன். எல்லாரும் மன்னிச்சிடுங்க."

ஆரவாரம் பாதியில் நின்றது. முன் மேசையிலிருந்த எண்ட்விசில் அம்மாள் பியர் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்போ இத்தன வருஷமா உனக்குக் கைதட்டின நாங்க என்ன, செவிடா?"

"அப்படி இல்லீங்கம்மா..."

"நல்லா இருக்குடா ஞாயம்! லண்டன்ல போயி ராஜா, எங்க முன்னாடி சாதாரணமா? எங்களுக்கு இது போதும்னு நெனச்சிட்டியா?"

அவன் பாடத் தொடங்கினான். மேசைகளில் டோமினோ ஆட்டக் காய்களும் சத்தமிடத் தொடங்கின. மூன்று பாட்டுக்கும் சேர்த்து ஒரே ஒருவர் கைதட்டினார். அவரும் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

இடைவேளையில், பியர் பெட்டிகள் அடுக்கிய சிற்றறையில் நார்மன் காத்திருந்தான். கதவு திறந்தது. ஆல்பர்ட்டின் முழங்கையில் அவனுடைய கோட்டு தொங்கியது.

"மிஸ்டர் கிரிம்ஷா, நான் பணிவாத்தானே பேசினேன்?"

"பணிவா?" ஆல்பர்ட் ஒரு பெட்டிமேல் அமர்ந்தார். "டேய், அந்த அரியணைப் படத்த நான் கண்ணாடி போட்டு பார்ல மாட்டி வச்சேன். பக்கத்து ஊரு ஃபார்ன்வொர்த் கிளப்காரனுங்க வந்தப்போ, 'பாருங்கடா, இங்கிலாந்தோட தலைசிறந்த குரல், எங்க மேடையிலேருந்து போனது'ன்னு காட்டினேன். ஒருத்தன் சிரிச்சான். எண்ட்விசிலோட புருஷன் அவனோட கைகலப்புக்கே போயிட்டாரு. அவர் உடைச்சுக்கிட்டது சொந்தப் பல்ல. இப்ப நீ வந்து நின்னு, அது பொய்ங்கிற."

"பொய்தானே, மிஸ்டர் கிரிம்ஷா?"

"அது ஃபார்ன்வொர்த்காரன் சொல்ல வேண்டியது. நீ ஏன் சொல்ற?"

 பெருமை பேசியதால் நாடு கைவிட்டது. பெருமையில்லை என்றதால் சொந்த ஊர் கைவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்க ஓரிடம் இருக்கத்தான் வேண்டும்; அது எங்கே என்று யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

"நான் இப்போ என்னதான் செய்யணும்?"

ஆல்பர்ட் கோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "வாயத் தொறக்காத. பாடுறதுக்கு மட்டும் தொற. மத்தத நான் பாத்துக்கிறேன்." கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார்.

மணி மீண்டும் அடித்தது. "சீமாட்டிகளே, சீமான்களே, அப்புறம் பின்வரிசையில இருக்கிறவங்களே! மொதப் பாதியில பாடினது ஒரு பஸ் கண்டக்டர், பாவம், அவன மன்னிச்சிடுங்க. இப்போ மாட்சிமை தாங்கிய ரெக்ஸ் சாவரின்!"

இரண்டு பேர் கிளப் தலைவரின் கைப்பிடி நாற்காலியைத் தூக்கிவந்து மேடையில் போட்டார்கள். யாரோ பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியை நீட்ட, ஆல்பர்ட் அதை நார்மனின் தலையில் கவிழ்த்தார். கூரை அதிரும்படி சிரிப்பு. இது கேலியா, அன்பா, தண்டனையா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. அமர்ந்தபடியே, வானொலி புறக்கணித்த அந்த முதல் இசைத்தட்டின் பாட்டைப் பாடினான். அவர்களுக்கு அது வரிக்கு வரி தெரிந்திருந்தது. இரண்டாம் முறை பல்லவி வந்தபோது அவனுடைய குரலே அவனுக்குக் கேட்கவில்லை.

"மோசமில்ல!" என்று கூவினாள் எண்ட்விசில் அம்மாள்.

பிறகு ஆல்பர்ட் அவனை நிறுத்தி, "அடுத்த ஞாயிறு ஃபார்ன்வொர்த்காரனுங்களக் கூப்பிட்டிருக்கேன். ராஜாவக் காட்டணும்" என்றார்.

"வர்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மொதப் பாதியிலயும் இதே குரல்லதானே பாடினேன்?"

ஆல்பர்ட் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "அத நான் கவனிக்கலையே தம்பி. கோவத்துல இருந்தேன்."

வீட்டில் டோரீன் கம்பளிப் போர்வையோடு எழுந்து வந்தாள். "என்னடா ஆச்சு? கோட்டக் குடுத்துட்டாங்களா?"

"இல்ல. அடுத்த வாரமும் வரச் சொல்லிட்டாங்க."

"பாத்தியா, மன்னிப்புக் கேட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு!" என்று அவள் கெண்டியை அடுப்பில் வைத்தாள்.

அது அப்படியல்ல என்று விளக்க நார்மன் வாயெடுத்தான். நாற்காலியிலிருந்து தொடங்குவதா, எண்ட்விசில் கணவரின் பல்லிலிருந்து தொடங்குவதா என்று சிறிது நேரம் யோசித்தான். கடைசியில், "ஆமா" என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டான்.