ஆபீசுக்குள் கேட்ட மன்னிப்பு

போன வாரம் பதுளையைத் தாண்டி, பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். வந்ததிலிருந்து மனசு சரியில்லை. வெட்கமாக இருக்கிறது... உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி அங்குள்ள ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி செய்து கொடுத்திருந்தது. கொழுந்து வாட்டும் காற்றாடிகளை ஓட்டுவது அதன் வேலை. வெப்பம் எவ்வளவு என்று கம்பி வழியாகத் தோட்டத்து ஆபீசுக்கும் சொல்லும். அப்படிச் சொல்வதற்கு உள்ளே ஒரு மென்பொருள் வேண்டும். நெட்வொர்க் ஸ்டாக் என்பார்கள். எதைப் போடுவது என்று தேர்ந்தெடுத்தவன் நான்.

இரண்டு இருந்தன. ஒன்று சிறியது, செய்தியை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மற்றது பெரியது, பெயர் பெற்றது. பதில் வரும்வரை காத்து நிற்கும். நான் எதை எடுத்திருப்பேன்? பெரியதைத்தான்! கொழும்பு மீட்டிங்கில் சொல்லிக்கொள்ள ஜோராக இருந்தது. நேரம் தவறக் கூடாத பெட்டிக்குள் காத்து நிற்கிற ஆசாமியை வைக்கலாமா என்று யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் மின்னலில் ஆபீஸ் கம்பி அறுந்தது. ஸ்டாக் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றது. அதோடு பெட்டியும் நின்றது, காற்றாடிகளும் நின்றன. கொழுந்தெல்லாம் சூடேறிச் சிவந்து வீணாய்ப் போனது.

பழி யார் தலையில்? அங்கே வேலையில் இருந்த ராமையா அண்ணன் தலையில். பெட்டியை நோண்டிவிட்டாராம். காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் வரிசையாய் நிற்கும்போது, கண்டபடி ஏசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. நேரே மேனேஜர் அறைக்குப் போய், தப்பு என்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னேன் — இங்கிலீஷில். அவர் சிரித்தார், டீ வரவழைத்தார், ராமையாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொன்னார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. நேர்மையான மனுஷன் அல்லவா?

வெளியே வந்தால், ஸ்டோர் வாசலில் ராமையா அண்ணன். தலைத்துண்டு கையில் இருந்தது.

"சார், மன்னிச்சிருங்க. இனிமே அந்தப் பொட்டி பக்கமே போக மாட்டேங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்கு வா என்று சொன்னவர்கள் வேறெதுவும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. இதே மாதிரி தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ் எங்கே போயிற்று?

"அண்ணே, நீங்க ஒரு தப்பும் செய்யல. நான் வச்ச சாமான்தான் கோளாறு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை.

"ஏசுனது பெரட்டுல வச்சுங்க சார்... எம் பொண்ணு அந்த வரிசையிலதான் நின்னுச்சு. நீங்க ஆபீசுக்குள்ள சொன்னது அதுக்கு எப்படிங்க கேக்கும்?"

"பாப்போம்ணே" என்று எதையோ முணுமுணுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

சிறிய ஸ்டாக்கைப் போட்டு வேறு பெட்டி அனுப்பியாயிற்று. செய்தியைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுகிறது... என்னைப் போலவே.

இதோ, பேப்பரில் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இதுவும் தப்பான இடம்தான் — காலைப் பெரட்டில் போய் நிற்க, பதுளைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.