உயிர் இருக்கிறது என்று எழுதினேன்

ஸ்வீடனில் மருத்துவர் நம்மைப் பற்றி எழுதுவதை நாமே கைப்பேசியில் படிக்கலாம். மகளோடு இங்கு வந்து மூன்று ஆண்டுகளாகியும் இது எனக்குப் பழகவில்லை. போடியில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவன் நான். சீட்டில் எழுதியதை ஒரு நோயாளிக்கும் காட்டியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. சென்ற வாரம் தூக்கம் வரவில்லை என்று வோர்ட்சென்ட்ரால் எனப்படும் வட்டார மருத்துவமனைக்குப் போனேன். மனதில் ஏதாவது உறுத்துகிறதா என்று அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். "இறந்துபோன ஒருவரை உயிர் இருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்" என்றேன். சாகக் கிடந்த ஒருவரை என்று எடுத்துக்கொண்டார் போலும், அவர் முகம் இளகியது. "வீட்டில் இறக்கட்டும் என்று அனுப்பினீர்களா? எவ்வளவு அழகான வழக்கம்! எங்களிடம் அது போய்விட்டது" என்றார். நான் திருத்தவில்லை. மாலையில் கைப்பேசியைத் திறந்தால், "நோயாளிகளின் பண்பாட்டை மதித்த ஓய்வுபெற்ற மருத்துவர்" என்று எழுதியிருந்தது. தவறு இருந்தால் திருத்தம் கேட்க அதிலேயே வழி உண்டு. நான் எழுதிய ஒரு சீட்டுக்கு அப்படி வழி எதுவும் இல்லை. ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல் ஊரை விட்டவர்களும் படிப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள், ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மருத்துவராக இருந்தேன். காலையில் போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஆட்கள் ஜீப்புகளில் ஏறி வருவார்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். சிலமலை ஊர்க்காரர் கருப்பையா அங்கே பூச்சிமருந்து அடிப்பவர். ஒரு நாள் முற்பகல் வாயில் நுரையோடு அவரைத் தூக்கி வந்தார்கள். தொண்டையில் குழாய் போட்டேன், ஊசிகள் போட்டேன். பதினொன்றரைக்கு இதயம் நின்றது. மலையாளியான மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். "டாக்டரே, ஆள் இவிடே மரிச்சதா எழுதினா போலீஸ் வரும், போஸ்ட்மார்ட்டம் வரும். எல்லாருக்கும் புத்திமுட்டு, தொந்தரவு. கீழே அனுப்பிடலாம்" என்றார். வாசலில் கருப்பையாவின் மகன் பாண்டி நின்றான். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "டாக்டரய்யா, உசுரு இருக்குல்ல? வெளிய செத்தா வீட்டுக்குள்ள விட மாட்டாக, தெருவுலயே போட்டுருவாக. வெரசா கொண்டு போயிருவோம்" என்றான்.

"இருக்கு" என்றேன். கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தும் ரப்பர்ப் பையைக் குழாயில் மாட்டி அவனிடம் கொடுத்தேன். "வீடு சேருற வரைக்கும் விடாம அமுக்கிக்கிட்டே போ." அமுக்கினால் நெஞ்சு எழும்பும், விட்டால் தாழும். பிணத்துக்கும் அப்படித்தான். "உயிர் இருக்கிறது. உறவினர் விருப்பப்படி அனுப்பப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் குடும்பத்துக்கு உதவியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் வேலை போய்விடக் கூடாது என்பது மீதி. அந்தச் சாவு அங்கே பதிவாகியிருந்தால், மறுநாள் அதே மருந்தை அதே மாதிரி வெறும் முகத்தோடு அடித்தவர்களைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்கள்.

அதன்பின் பாண்டி மலைக்கு வேலைக்கு வரவில்லை. கீழே ராசிங்காபுரம் பக்கம் தோட்ட வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை நலம் கேட்டு அழைப்பான். தகப்பனை வீட்டில் சேர்க்க உதவினேன் என்று அவன் நன்றி சொல்லி முடிப்பதற்குள் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

முந்தாநாள் அழைத்தான். அவனுடைய தாய் பேச்சியம்மாள் மூளையில் ரத்தம் கசிந்து, தேனியில் ஒரு மருத்துவமனையில் செயற்கை மூச்சில் இருக்கிறார். இனித் தேற மாட்டார், வீட்டுக்குக் கொண்டுபோவதானால் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். தன் வீட்டில்தான் சாக வேண்டும் என்று அந்த அம்மாள் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

"அப்புறம் என்னப்பா, கொண்டு போ" என்றேன்.

"நான் மாட்டேன் டாக்டரய்யா. மறுபடி அந்தப் பையக் குடுப்பாக."

"ஆம்புலன்சில அதுக்குன்னு ஆளு இருப்பாங்க."

"ஆளுக்கு மட்டும் கை நோகாதாக்கும்! அன்னைக்கு இறக்கத்துல, வளைவு திரும்பையில எனக்கு வாந்தி வந்துருச்சு. பைய விட்டுட்டேன். திரும்பப் பிடிக்கையில அப்பா மூஞ்சி மாறிக் கெடந்துச்சு. ஆத்தாகிட்டகூட இதச் சொன்னதில்ல. எங்கப்பாவக் கொன்னவன் நான்தான்."

சன்னலுக்கு வெளியே பனியை வழித்துக்கொண்டு ஒரு வண்டி போனது. பிறகு சொன்னேன். பதினொன்றரை மணியை, மேனேஜர் பேசியதை, நான் எழுதியதை, எல்லாவற்றையும். "நீ கொல்லலப்பா. நீ ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாலயே அவர் போயிட்டாரு. அது தெரிஞ்சேதான் உன் கையில பையக் கொடுத்தேன்."

ஏசுவான் என்று காத்திருந்தேன். அவன் ஏசவில்லை. "அப்ப இங்க?" என்றான். "இங்கயும் மிஷினுதான நெஞ்சத் தூக்குது. இவுகளும் உசுரு இருக்குன்னுதான் சொல்றாக. எங்காத்தா இருக்காளா, இல்ல அவளும் போயிட்டாளா?"

பொய் சொன்னவனின் மனதை உண்மை இலேசாக்கும் என்று எண்ணியிருந்தேன். அது அவனுக்கு என்ன செய்யும் என்று எண்ணவில்லை. இனி எந்த மருத்துவர் சொல்வதை அவன் நம்புவான்?

"கட்டிலுக்குப் பக்கத்துத் திரையில எண் ஓடுமே, அதக் காட்டு."

"நம்பரும் வேணாம், சீட்டும் வேணாம். நீங்க பாருங்க. பொய்யத்தான் சொல்லி முடிச்சுட்டீகல்ல, இனி உண்மை மட்டுந்தான மிச்சம் இருக்கும்."

பார்வையாளர் நேரம் போலும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய் வீடியோவைப் போட்டான். பேச்சியம்மாளின் நெஞ்சு சீராக எழுந்து தாழ்ந்தது.

"தொட்டுப் பாக்காம என்னால சொல்ல முடியாது பாண்டி."

"தொடுங்க" என்றான். கைப்பேசியைத் தாயின் கழுத்தோடு ஒட்டிப் பிடித்தான். திரை முழுக்கத் தோல், பிறகு இருட்டு. ஸ்வீடனில், மகள் வீட்டுச் சமையலறை மேசையில், அந்தக் கண்ணாடியின் மேல் இரண்டு விரல்களை வைத்து அழுத்தினேன்.

துடித்தது. என் விரலின் நாடிதான் துடித்தது.