நாலு மணிக்குள் ஒரு ஜாயின்ட்

நாற்பத்திரண்டு வயது, குள்ளமான மெலிந்த உடம்பு. ஆனால் அவள் இல்லாவிட்டால் வேலை ஒழுகிவிடும் என்று குழாய் வேலைக்காரர்கள் எல்லாரும் அவளை வாஷரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒப்பந்தம் எடுப்பது அவளுடைய அண்ணன். பதினான்கு வருஷமாகக் கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கிக் குழாய் போடுவது அவள், பேர் வாங்குவது அவர். தனியாகத் தொழில் தொடங்க ஆசை இல்லாமலா? சாமான் ஏற்றிப் போக ஒரு வண்டி வேண்டுமே!

அண்ணனிடம் இருபத்தாறு வருஷத்துக் கார் ஒன்று இருந்தது. போன வாரம் நடுத்தெருவில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் ஓடுகிற இரண்டு ரப்பர் ஹோஸ்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் ஜாயின்ட், காய்ந்து மொறமொறத்து இரண்டாக உடைந்திருந்தது. அண்ணன் பழைய இரும்புக்காரரை நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. எனக்குக் குடேன்."

"ஓடாத வண்டிய வச்சு என்ன பண்ணுவ? சரி, அவர் வர்றதுக்குள்ள தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடு. வண்டி உனக்கு. இல்லன்னா லாரில ஏத்திடுவேன்."

"வாக்கு மாறக்கூடாது!"

"மாறமாட்டேன், போ."

அப்போது மணி ஒன்று. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பானெட்டைத் திறந்தாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? கை பழக்கதோஷத்தில் பைக்குள் போய், வீட்டுக் குழாய்க்குப் போடும் வெள்ளை ஜாயின்ட்டை எடுத்தது. பசை தடவினாள், செருகினாள், காயவிட்டாள், கூலண்டை ஊற்றி ஸ்டார்ட் பண்ணினாள். எஞ்சின் உறுமியதும் மாடி ஜன்னலில் நின்ற அண்ணியைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டாள்.

பத்தே நிமிஷம். வெள்ளை ஜாயின்ட் மெழுகாக இளகி, டொப்பென்று கழன்றுகொண்டது. கூலண்ட் முழுக்கத் தரையில் பச்சையாக ஓடியது. நல்லவேளை, இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி மண்டு! பச்சைத்தண்ணி லைனுக்குப் போடறத கொதிக்கிற தண்ணிக்குப் போட்டியே!"

"என்னாச்சு?" என்றாள் அண்ணி.

"புத்தி வந்துச்சு அண்ணி!"

மணி இரண்டு. எஞ்சின் ஆறுவதற்குள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சாமான் கிடங்குக்கு ஓடி, வெந்நீர் லைன் சாமான் கிடக்கும் பெட்டியைக் கவிழ்த்தாள். இரு பக்கமும் வரிவரியாகப் பல் வெட்டிய பித்தளை ஜாயின்ட் ஒன்று உருண்டு வந்தது. அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள்! ஹோஸ் முனைகளின் வெடித்த பகுதியை நறுக்கி, சுடுதண்ணீரில் முக்கி இளக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். இரு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினாள். வேண்டிக்கொள்ளக்கூட நேரமில்லை.

புது கூலண்டை ஊற்றினால், இரண்டு லிட்டரிலேயே ததும்பியது. அவளுக்குச் சுருக்கென்றது. கொட்டினது நாலு லிட்டராயிற்றே, மீதி இடத்தில் என்ன இருக்கிறது?

"காத்து!" என்று கத்தியேவிட்டாள்.

மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வருஷத்தில் நூறு பேர் கூப்பிடுவார்கள். பாதிக்கு மேல் லைனில் காற்று அடைத்திருக்கும். உயரத்தில் இருக்கும் ஜாயின்ட்டை லேசாகத் தளர்த்தினால் போதும், இந்த வித்தை அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. மேலே இருந்த ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தினாள். புஸ்ஸ்ஸ்! மூடி திறந்திருந்த ரேடியேட்டரில் கூலண்ட் கடகடவென்று இறங்கியது. ஊற்ற ஊற்றக் குடித்தது. குமிழி நின்று கூலண்ட் கசிந்ததும் கிளிப்பை இறுக்கினாள்.

லாரி வந்து நின்றபோது மூன்றே முக்கால். "வாங்க, ஏத்திடலாம்" என்று அண்ணன் வாயெடுப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. தெருமுனை என்ன தெருமுனை? அடுத்த தெருவையும் சுற்றினாள்! வெப்பம் காட்டும் முள் பாதி வரை ஏறி, அங்கேயே அசையாமல் நின்றது. ஹாரனை அடித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

அண்ணன் குனிந்து அடியில் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பானெட்டைத் திறந்து, பித்தளையைத் துணியால் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

இரும்புக்காரர் வண்டியை ஒரு சுற்று வந்துவிட்டு, வழக்கம்போல அண்ணனிடம் திரும்பினார். "ஓடற வண்டியா இருந்தா விலையே வேற. நல்லாவே தர்றேன். என்ன சொல்றீங்க, முதலாளி?"

அண்ணன் தங்கச்சியைக் கைகாட்டினார்.

"முதலாளி அங்க இருக்காங்க. அவங்களையே கேளுங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளி தன் சாமான் பையைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்தாள்.