ஒட்டிக்கொள்ள ஓர் இடம்

போன மாதம் எங்கள் வீட்டுக்காரர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன் சார். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

கையில் இருந்தது பத்தொன்பது நாள்.

எங்கள் ஆம்பூரில் வீடு பார்க்கிறவன் முதலில் ஹாலைப் பார்க்க மாட்டான். நேராகப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து ஒரு வாய் குடிப்பான். தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த ஊர்... போர் தண்ணீர் ஒரு தெருவில் நன்றாயிருக்கும், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாது.

நானும் குடித்தேன். ஆறு வீட்டில் உப்பு. ஏழாவது வீட்டில் இளநீர்! அட்வான்ஸ் கொடுக்கப் போன நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓரமாகக் கூப்பிட்டார். "நீங்க வர்றீங்கன்னு காலைலதான் லாரித் தண்ணி ஏத்துனாங்க சார்."

என் நாக்கின் மேல் எனக்கிருந்த கர்வம் அன்றோடு போயிற்று. எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், மகள் வீடியோ காலில் கூப்பிடுகிறாள். கடல் உயிரியல் படிக்கிறவள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் உட்கார்ந்து, தண்ணீரில் இறங்கிய வேர்களைக் காட்டினாள். வேர் முழுக்க சிப்பி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. கொட்டலசு என்றாள். இங்கிலீஷில் பார்னக்கிள். நான் என் குழாய்த் தண்ணீர்க் கதையைச் சொன்னதும் சிரித்தாள்.

"இதோட குஞ்சும் உன்ன மாதிரிதான்பா. வேர் மேல நடந்து நடந்து ருசி பார்க்கும். ஒருவாட்டி ஒட்டிக்கிச்சுன்னா சாவற வரைக்கும் அதே எடம்தான்."

"இன்னா பார்த்து முடிவு பண்ணுது?"

"நெறைய பார்க்கும். முக்கியமா, அதோட இனம் ஏற்கனவே அங்க இருக்கான்னு பார்க்கும். பெருசுங்க பொழச்சிருந்தா நாமளும் பொழைக்கலாம்ல? ஆனா ஜாஸ்தி நாள் தேட முடியாது. அந்தப் பருவத்துல அது சாப்பிடாது. ஒடம்புல தெம்பு தீர்றதுக்குள்ள ஒட்டியாகணும்."

எனக்கு மிச்சம் ஆறு நாள்.

மறுநாள் எட்டாவது வீடு. நான் குழாயைத் தேடிப் பின்பக்கம் போனேன். மனைவி உள்ளேயே வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அரை மணி நேரம் கழித்து வந்து, "இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

"தண்ணி சுமார்தானே?"

"குடிக்கறதுக்கு கேன் வாங்கிக்கலாம். பக்கத்து வீட்டு பீபிம்மா இருபத்தெட்டு வருஷமா இங்கதான் இருக்காங்க. மூணு புள்ளைங்கள இங்கியே வளர்த்திருக்காங்க. உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. இதுக்கு மேல இன்னா வேணும் உங்களுக்கு?"

வேண்டியது எதுவும் இல்லை. குடிவந்துவிட்டோம். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நேற்று மாடிப் போர்ஷன் பார்க்க ஒருவர் வந்தார். எங்கள் வாசலில் நின்று, "தண்ணி எப்டிங்க இங்க?" என்று கேட்டார்.

நான்கு நாள் முன்பு குடிவந்த என் மனைவி கொஞ்சமும் அசராமல் சொன்னாள் — "நாங்க இருக்கோம்ல?"